இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே

ஆலிகுப்பத்துக்கு நேரில் போவதற்கு வெகுநாள் முன்பே அந்த ஊர்க் கடலை ஹெப்சிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிறுசேரியில் அவள் வேலை பார்த்த நிறுவனம், ஒரு அரசுத் துறைக்காகக் கடற்கரை ஊர்களின் வருமானத்தைப் பெருக்கும் திட்டம் ஒன்றை எடுத்திருந்தது. எந்த ஊரில் கடற்பாசி வளர்க்கலாம், எந்த ஊருக்குச் சுற்றுலாவைக் கொண்டுவரலாம் என்று தரவுகளை அலசிச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலை உயரம், நீரின் சூடு, உப்பின் அளவு, மழைக்காலத்தில் முகத்துவாரம் வழியே வந்து கலக்கும் நன்னீர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறு ஓடும் வண்டிகள், விடுதி அறைகள் நிரம்புகிற விதம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து அவள் ஒரு வரைபடம் செய்தாள். கோவளத்துக்குத் தெற்கே நீண்ட தூரத்துக்குக் கரை சிவப்பாகவே வந்தது. அலை வேகம் அதிகம், பாசி நிற்காது என்று அர்த்தம். அந்தச் சிவப்புக்கு நடுவில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தது.

முதலில் தரவில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பச்சை மாறவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகள் அங்கே அடுத்தடுத்து இரண்டு இருந்தன. இரண்டுக்கும் நடுவே கடல் குளம்போல அடங்கிக் கிடந்தது. அந்த இடத்துக்குப் பெயர் ஆலிகுப்பம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவன் ஜாய்சனிடம் அதைச் சொன்னாள். அவன் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவள் மடிக்கணினியைத் திறந்து காட்ட, அவன் சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தான். இத்தனை வருடமாக எந்தக் கடையில் எந்த சோப்பு விற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். இப்போது முதல்முறையாக அவள் போடும் கணக்கால் யாருக்கோ சோறு கிடைக்கப் போகிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அன்று இரவு ஜெபத்தில் ஜாய்சன் ஆலிகுப்பத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டான்.

பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்கியது. தெற்கு மாவட்டத்திலிருந்து விதைப்பாசி வந்தது. அதோடு வந்த பயிற்சியாளர் மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து, மிதவையைக் கடலில் நங்கூரமிடுவது எப்படி என்று குப்பத்துப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தார். பெண்கள் குழுவுக்குத் தலைவி ஜோதிலட்சுமி. நாற்பதை நெருங்கும் வயது. கணவன் மதியழகனின் படகில் வரும் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் வரை போய் விற்றுவருகிறவள். யாரையும் எடுத்தவுடன் நம்பிவிடமாட்டாள். ஹெப்சி முதல்முறை போனபோது அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒவ்வொரு வருசமும் எவனாச்சும் வந்துகினுதான் கீறான் மேடம். கோழி குடுத்தாங்க, தையல் மிஷின் குடுத்தாங்க. நீ இன்னா குடுக்கப் போற?"

நான் எதுவும் கொடுக்கப் போவதில்லை, இந்த இடத்தில் பாசி வளரும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றாள் ஹெப்சி. அந்தப் பதில் ஜோதிலட்சுமிக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாசி வளர்ந்தது. மூங்கில் மிதவைகளுக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் பழுப்பும் பச்சையுமாகத் தொங்கியது. பங்குனியில் முதல் அறுவடை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பெண்கள் கயிறுகளை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் விரித்த வலைமேல் காயப்போட்டார்கள். காய்ந்ததை வாங்கிப்போக வண்டி குப்பத்துக்கே வந்தது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் இதைப் போடுகிறார்கள் என்று ஹெப்சி சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. ஜோதிலட்சுமி மட்டும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அதன் பிறகு ஹெப்சி அவளுக்கு மேடம் இல்லை, ஹெப்சிமா ஆனாள். ஹெப்சி அவளை அக்கா என்று கூப்பிட்டாள்.

திட்டத்தின் இரண்டாவது பாதி சுற்றுலா. அதற்கும் ஹெப்சியிடம் யோசனை இருந்தது. பாசி மிதவைகளைப் படகில் போய்ப் பார்ப்பது, குப்பத்து வீட்டில் மீன்குழம்புச் சாப்பாடு, அவ்வளவுதான். பெரிய கட்டிடம் எதுவும் வேண்டாம். முதல் ஆட்களாகத் தன் திருச்சபையின் பெண்கள் ஐக்கியத்தையே ஒரு சனிக்கிழமை வேனில் அழைத்துப் போனாள். சேலையூரிலிருந்து கிளம்பும்போது பாட்டு. மதியழகன் படகில் ஏற்றி மிதவைகளைச் சுற்றிக் காட்டினான். வயதில் மூத்த மெட்டில்டா ஆன்ட்டி, படகு ஆடும்போதெல்லாம் ஹெப்சியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கிய பிறகு இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார். ஜோதிலட்சுமி சுட்ட மத்தி மீனும் நெத்திலிக் குழம்பும் கடைசிச் சோறு வரை காலியாயின. அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து மேடவாக்கத்திலிருந்தும் கீழ்க்கட்டளையிலிருந்தும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வருகைகளையும் ஹெப்சி தரவில் சேர்த்தாள். சேர்க்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. சுற்றுலாவுக்கான ஆலிகுப்பத்தின் மதிப்பெண் வாரத்துக்கு வாரம் ஏறியது. அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஹெப்சியின் மேலாளர் பக்தவச்சலம், துறையிலிருந்து வந்த இருவர், ஆலோசகர் ஒருவர். திரையில் அவளுடைய வரைபடம்தான். ஆனால் ஆலிகுப்பத்தின் பச்சைக்கு மேலே இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுரம். அடுத்த கட்டம் என்று ஆலோசகர் விளக்கத் தொடங்கினார். இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே உள்ள நீர்ப்பரப்பைத் தனியாருக்கு ஏலம் விடலாம். மிதக்கும் உணவகம், நீர் விளையாட்டு, கரையில் குடில்கள். அலையில்லாத கடல் இந்தப் பக்கம் வேறெங்கும் இல்லை என்பதைத் தரவே காட்டுகிறது. அதே நீர்ப்பரப்பில் பாசி தருகிற வருமானத்தையும் சுற்றுலா தரக்கூடிய வருமானத்தையும் அடுத்தடுத்து இரண்டு கம்பங்களாக வரைந்து காட்டியிருந்தார். பாசியின் கம்பம் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

ஹெப்சி எழுந்து, இரண்டும் ஒன்றாக நடக்கத்தான் திட்டம் போட்டோம் என்றாள். இயந்திரப் படகுகள் ஓடினால் மிதவைகள் நிற்காதே என்றாள். அங்கேதான் ஊர்ப் படகுகளும் கரையேறுகின்றன என்றாள். துறைக்காரர்களில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் குடும்பங்களுக்கு உணவகத்தில் வேலையில் முன்னுரிமை உண்டு என்றார். பிறகு ஆலோசகர் அடுத்த படத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்து பக்தவச்சலம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"நாம நம்பர் குடுக்கறவங்க ஹெப்சி. முடிவு அவங்களோடது. அந்த நம்பர்ல தப்பு இருந்தா சொல்லு, நானே போய்ப் பேசறேன்."

அவள் தன் மேசைக்குப் போய்த் தப்பைத் தேடினாள். பல நாள் தேடினாள். குடும்பங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தாள். பெண்களின் கைக்கு நேராகப் போகும் பணத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தாள். படகுகள் கரையேற வேறிடம் தேடி அலைவதால் வரும் நஷ்டத்தைக் கழித்தாள். எப்படிப் போட்டாலும் சுற்றுலா முந்தியது. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில், அலையில்லாத கடலுக்கு, சனி ஞாயிறு கூட்டத்துக்கு எதிரே பாசியால் நிற்க முடியவில்லை. தான் சேர்த்த தரவு சரியானது, தான் போட்ட கணக்கு நேர்மையானது என்பதை அவளே மறுபடி மறுபடி நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், தரவு அட்டவணையில் வாழ்வாதாரம் என்ற ஒரே பத்திக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக எடை கொடுத்தாள். பச்சை மேலே வந்தது. அப்படியே புதிய வரைபடத்தை அனுப்பிவிட்டாள். மறுநாளே ஆலோசகர் கேட்டார், இந்த எடையை எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று. அவளிடம் பதில் இருந்தது. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்றாள். ஆனால் கரை நெடுக எல்லா ஊரிலும் மனிதர்கள் இருக்கிறார்களே, அங்கெல்லாம் ஏன் இதே எடை இல்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். பக்தவச்சலம் குறுக்கிட்டு, பழைய பதிப்பு தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லி அவளைக் காப்பாற்றினார். அந்த வாரமே அவளை வேறு வேலைக்கு மாற்றினார். அதுவும் காப்பாற்றுவதுதான் என்று அவர் நினைத்தார்.

ஏலச் செய்தி வேறு வாய் வழியாகக் குப்பத்துக்குப் போய்விடக் கூடாது என்று ஹெப்சி விடுப்பு எடுத்தாள். தானும் வருகிறேன் என்றான் ஜாய்சன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆலிகுப்பம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஜோதிலட்சுமி கரையில் கயிறுகளில் பாசித் துண்டுகளை முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து பெண்கள். ஹெப்சியைப் பார்த்ததும் இடம் விட்டு உட்காரச் சொன்னாள். கையில் ஒரு கயிற்றையும் கொடுத்தாள்.

ஹெப்சி முடிச்சுப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஏலம், உணவகம், மிதவைகளை எடுக்கச் சொல்வார்கள் என்பது, படகுகளையும் இங்கே விடமாட்டார்கள் என்பது. கூட்டத்தில் தான் பேசியதையும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மற்ற பெண்களில் ஒருத்தி எழுந்து தன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள். ஜோதிலட்சுமியின் கை நிற்கவில்லை. இருந்த பாசி முழுவதையும் முடிந்து தீர்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எத்தினியோ வருசமா இந்த எடம் இங்கதான் கீது. ஒருத்தன் கண்ணுலயும் படல. நீ வந்து நல்ல எடம், நல்ல எடம்னு சொன்ன. இப்ப எல்லாருக்கும் நல்ல எடமாப் பூட்சி."

ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுவாத. அழுதா இன்னா ஆவப் போவுது. உன்னாண்டதான் மொத்தக் கரையோட படமும் கீதே. பாத்துச் சொல்லு. இங்க இல்லாங்காட்டி வேற எங்க போடலாம்?"

அந்தக் கேள்விக்கான பதிலை ஹெப்சி படத்தைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. அந்தக் கரையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். எங்காவது ஓரிடம் இருக்கும், தேடிச் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஜோதிலட்சுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எடம் இல்லக்கா," என்றாள் ஹெப்சி. "இங்க மட்டும்தான்."

ஆவணி பிறந்ததும் ஏலம் எடுத்தவர்களின் ஆட்கள் வந்தார்கள். போலீஸ் இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் முன்பே பேசி, கொஞ்சம் இழப்பீடு, கொஞ்சம் வேலை என்று முடித்துவிட்டார்கள். ஏலம் விட்ட பிறகு நீதிமன்றம் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். வழக்கு முடிவதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். பாதி வளர்ந்திருந்த பாசியை அறுத்து எடுத்தார்கள். அது காய்ந்தபோது ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஜோதிலட்சுமி மட்டும் மூங்கில்களைப் பிரிக்க விடவில்லை. வடக்குத் தூண்டில் வளைவைத் தாண்டி, திறந்த கடலில் போட்டுப் பார்க்கலாம் என்று மதியழகனிடம் சொன்னாள். நிற்காது என்று அவனுக்கும் தெரியும். ஹெப்சியும் போனில் சொன்னாள், அங்கே அலை உயரம் இவ்வளவு, கயிறு தாங்காது, வேண்டாம் அக்கா என்று. ஜோதிலட்சுமி கேட்டுக்கொண்டாள். ஆனால் விதைக்கு எடுத்த பாசி வலைப்பையில் கடல்நீரில் உயிரோடு கிடந்தது, கைகளுக்கு வேறு வேலை இல்லை. நங்கூரத்தை இரட்டிப்பாக்கி, மூங்கிலுக்கு மூங்கில் கூடுதல் கட்டுப் போட்டு, புரட்டாசியில் மிதவைகளை இறக்கினார்கள். சில வாரங்கள் நின்றன. கடல் அமைதியாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஹெப்சியின் போனுக்கு ஒரு படம் வந்திருந்தது. மிதவைக்குக் கீழே சிறு கொத்தாகப் பாசி. அவள் அதை ஜாய்சனிடம் காட்டினாள். அவன் அவளைத் தேற்றுவதற்காக, உன் கணக்கு தப்பாகவும் இருக்கலாம் இல்லையா என்றான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் முழு மனதோடு விரும்பினாள்.

ஐப்பசியில் முதல் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. பெரிய புயல்கூட இல்லை. கரையைத் தொடாமலே ஆந்திரப் பக்கம் போய்விட்டது. ஆனால் அதன் அலை வந்தது. காலையில் மதியழகன் போய்ப் பார்த்தபோது மூங்கில்கள் உடைந்து தூண்டில் வளைவுக் கற்களில் சிக்கிக் கிடந்தன. கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிப் பந்தாகிக் கரையில் உருண்டன. அவற்றைப் பிரித்தெடுக்க யாரும் போகவில்லை. படகு கரையேறவும் அப்போது பழைய இடம் இல்லை. அலை அடிக்கும் வெட்டவெளிக் கரையில் படகை இழுத்தேற்றும்போது மதியழகனின் தோள் விலகிவிட்டது. செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க அவனால் கடலுக்குப் போக முடியவில்லை.

ஹெப்சி பார்க்கப் போக வேண்டும் என்றாள். பழங்களும் ஹார்லிக்ஸும் வாங்கி வைத்துவிட்டு ஜோதிலட்சுமிக்குப் போன் செய்து, சனிக்கிழமை வருகிறேன் அக்கா என்றாள். அந்தப் பக்கம், அதற்குள் திறந்துவிட்ட உணவகத்தின் பாட்டுச் சத்தம் கேட்டது.

"வராத ஹெப்சிமா," என்றாள் ஜோதிலட்சுமி. "உன் மேல எனக்கு கோவம் இல்ல, சத்தியமா. நீ வந்தா அல்லாரும் வெளிய வந்து நிப்பாங்க. புதுசா எதுனா சொல்லுவன்னு பாப்பாங்க. எனக்கே அப்பிடித் தோணும். அது வேணா."

ஹெப்சி சரி என்றாள். மதியழகனின் தோளைப் பற்றிக் கேட்டாள். கை தூக்க முடிகிறதா என்று கேட்டாள். பாதி தூக்குகிறான் என்றாள் ஜோதிலட்சுமி. தான் இப்போது மீனைக் காசிமேட்டிலிருந்து ஏலத்தில் எடுத்துவந்து விற்பதாகவும், போகவர நேரம் சரியாக இருப்பதாகவும் சொன்னாள். பிறகு பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பழங்களை ஜாய்சன் பள்ளிக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான்.

கார்த்திகையில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஆலிகுப்பத்தின் வருமானக் கம்பம் எதிர்பார்த்ததை விட உயர்ந்துவிட்டதாம். அதே மாதிரி வரைபடத்தைத் தெற்கே இன்னும் நான்கு மாவட்டங்களுக்குச் செய்யத் துறை கேட்டிருந்தது. அந்த வேலை ஜென்சி என்ற பெண்ணுக்குப் போயிருந்தது. கல்லூரி முடித்துச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேக்கைக் காகிதத் தட்டில் எடுத்துக்கொண்டு ஹெப்சியின் மேசைக்கு வந்தாள். ஹெப்சி எழுதிய கணினி நிரலைப் படித்துத்தான் கற்றுக்கொண்டதாக மரியாதையோடு சொன்னாள். ஒரு சந்தேகம் கேட்டாள். படகுகள் கரையேறும் இடம் என்று ஹெப்சி பிறகு சேர்த்த ஒரு பத்தி இருக்கிறதே, தெற்கு மாவட்டங்களுக்கு அந்தத் தரவு யாரிடமும் இல்லை, என்ன செய்வது?

நேரில் போய்ப் பார்த்து நிரப்பு என்றாள் ஹெப்சி. ஒவ்வொரு ஊருக்கும் போ. யார் எங்கே படகு விடுகிறார்கள், யார் எங்கே வலை காயப்போடுகிறார்கள், பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார். பார்த்த பிறகு வரைபடத்தைப் போடு. குரல் உயர்ந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜென்சி தலையாட்டினாள். அவளுக்குப் போக விருப்பம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் நேரில் போக நேரம் ஒதுக்கவில்லை, அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி பக்தவச்சலம் சார் ஏற்கனவே சொல்லிவிட்டார், எடுத்தால் மற்றதெல்லாம் சரியாக ஓடுமா என்பதைத்தான் கேட்க வந்தேன் என்றாள்.

ஹெப்சி யோசித்துப் பார்த்தாள். ஓடும். அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

"ஓடும்," என்றாள்.

மாலையில் கம்பெனி பஸ் மேடவாக்கம் தாண்டி கேம்ப் ரோட்டுக்குள் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. ஜாய்சன் நிறுத்தத்தில் பள்ளிக் குடையோடு நின்றுகொண்டிருந்தான். அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். இருவரும் வண்டிகளுக்கு வழி விட்டு, தேங்கிய தண்ணீரில் கால் வைத்து வீட்டுக்கு நடந்தார்கள்.